டென்ட் போட்ட இடத்தில் மஞ்சத்தலை

காசு வாங்காமல் களை பிடுங்குகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதையே நான் நம்பியதில்லை. அதுவும் மலைக்கு மேலே. அதுவும் சோறு, துணி, டென்ட் எல்லாவற்றையும் கழுதை மாதிரி அவரவர் முதுகில் ஏற்றிக்கொண்டு. என் மகள் வருஷா வருஷம் போய்விட்டு வருவாள். நகக்கண்ணில் மண்ணோடு சாப்பிட உட்காருவாள்.

"ஏன்டி, நம்ம வாசல்ல முளைச்சிருக்கறதப் பிடுங்க உனக்குக் கை வராது, ஊரான் மலையில பிடுங்கப் போறியா?" என்பேன்.

"இங்க பிடுங்கத்தான் நீங்க இருக்கீங்களேப்பா" என்பாள்.

அவள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாள். பிறகு அவளுடைய செருப்பை ஒரு பாலிதீன் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு நான் அழவில்லை. அப்புறமும் அழவில்லை. வந்தவர்கள் எல்லாரும், "மனசுல வச்சுக்காதீங்க, அழுதுடுங்க" என்றார்கள். மனசில் ஏதாவது இருந்தால்தானே. வேளைக்குச் சாப்பிட்டேன். படுத்தால் தூக்கம் வந்தது. காலையில் எழுந்து ஷேவ் செய்துகொண்டேன். நெடுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போய், இது நம்முடைய கால்தானா என்று தோன்றுமே, அது மாதிரி முழு ஆளும்.

நான் இருப்பது மாப்பிள்ளை வீட்டில். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றதும் மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். என் சம்சாரம் அதற்கு முன்பே போய்விட்டாள். மூன்று அறை வீடு. பின்னால் ஜன்னல் வைத்த அறை எனக்கு. மகளுக்குக் குழந்தை இல்லை. அவள் இருந்தவரைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேசுவதற்கு ஆள் இருந்தது. அவள் போன பிறகு இரண்டு ஆம்பிளைகள், ஒரு டிவி. மாப்பிள்ளை லிப்ட் ரிப்பேர் செய்கிற மெக்கானிக். வேலை விட்டு வந்தால் கையில் கிரீஸ் வாசனை. "சாப்டீங்களா மாமா?" "ஆச்சு மாப்ள." அதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்விட்டுச் சீக்கிரம் திரும்பினேன். மாப்பிள்ளை என் அறைக்குள் நின்று, டேப்பை இழுத்து இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் அளந்துகொண்டிருந்தார்.

"என்ன மாப்ள?"

"சும்மா மாமா."

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். டிக்கெட் எடுக்காதவன் எப்போதும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்ப்பான். என் காலமெல்லாம் அந்தப் பார்வையைப் பார்த்தவன் நான்.

எனக்குக் கணக்கு விளங்கிவிட்டது. பெண்ணைக் கொடுத்ததால் மாமனார். பெண்ணே இல்லை என்றால் அவன் யார்? பாத்திரம் உடைந்த பிறகு மூடியை யாரும் அலமாரியில் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மறுநாளே பழைய டிப்போ பக்கம் போய், மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தேன். நிமிர்ந்தால் தலை இடிக்கும். படுத்தால் இடிக்காது. பார்த்துவிட்டு வந்ததை அவரிடம் சொல்லவில்லை.

அந்த வாரமே அவர் ஆரம்பித்தார். "மாமா, அவ போவாளே ஒரு மலை, அந்தக் கூட்டம் இந்தத் தடவை போகுது. போன வருஷம் பாதை சரிஞ்சு கெடந்துச்சு, யாரும் போகல. நாம ரெண்டு பேரும் போலாமா? உங்ககிட்டக் கொஞ்சம் பேசணும்."

"பேசறதுக்கு எதுக்கு மலை? இங்கயே நாற்காலி இருக்கு."

"அங்க போய்ப் பேசிக்கலாம் மாமா."

சும்மாவா எலி அம்மணமாக ஓடும்? வீட்டில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை, நாலு பேர் இருக்கிற இடத்தில் சொன்னால் கிழவன் கத்த மாட்டான் என்று நினைத்திருப்பார். ஆட்டை வெட்டுகிறவனும் தழையைக் காட்டித்தான் கூட்டிக்கொண்டு போகிறான். சரி என்றேன். எப்படியும் ஒரு நாள் கேட்க வேண்டியதுதானே.

மலையடிவாரத்தில் வேனிலிருந்து இறங்கியதும் ஒரு அம்மாள் கழுத்தில் விசிலோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராம். அவர்தான் கூட்டத்துக்குத் தலைவி. எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். ஒரு வக்கீல் இருந்தார். பேக்கரி வைத்திருக்கிற புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவ்வளவுதான் கூட்டம். வக்கீலே இலவசமாக வேலை செய்கிறார் என்றதும் எனக்குச் சந்தேகம் இன்னும் ஏறியது.

"பெரியவரே, ஷூவத் தூக்கிக் காட்டுங்க" என்றார் டீச்சர்.

"எதுக்கு? ஆபரேஷன் தியேட்டருக்கா போறோம்?"

"அப்படித்தான் வச்சுக்குங்களேன். வெதை அடியில ஒட்டிட்டு வரும். அந்தச் செடி பாதி மலை ஏறினதே மனுஷன் கால்லதான்." குனிந்து என் ஷூவின் அடிப்பக்கத்தைப் பிரஷ் வைத்துத் தேய்த்தார். குச்சியால் பள்ளங்களை நோண்டினார். என் செருப்பை யாரும் இப்படித் தொட்டதில்லை. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அவர்கள் ஒழிக்கப் போன செடிக்குப் புத்தகத்தில் நீளமாக ஏதோ பெயர் இருக்கிறது. இவர்கள் மஞ்சத்தலை என்கிறார்கள். இடுப்பு உயரம் வளரும். நுனியில் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ. பூ காய்ந்தால் சின்னக் காய். வெயில் பட்டால் காய் வெடித்துக் கடுகு மாதிரி விதை தெறிக்கும். எந்தக் காலத்திலோ யாரோ பங்களாவுக்கு அழகாக இருக்கும் என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தார்களாம். அது வேலியைத் தாண்டிவிட்டது. இப்போது அது நிற்கிற இடத்தில் புல்கூட முளைப்பதில்லை, ஓடைகள் வற்றுகின்றன என்றார் டீச்சர்.

"பூ நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"நல்லா இருக்கப் போய்த்தானே கொண்டாந்தாங்க" என்றார்.

ஏறினோம். மாப்பிள்ளை எனக்குப் பின்னாலேயே வந்தார். "மெதுவா மாமா." "வேர் தடுக்கும் மாமா." "பைய என்கிட்டக் குடுங்க மாமா." இப்படிக் கவனித்துக்கொள்கிறவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். கடைசி ஸ்டாப்பில் இறக்கிவிடப் போகிறவனிடம் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். ஒரு திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது கேட்டேன்: "என்னமோ பேசணும்னீங்களே?"

"மேல போய் மாமா."

மூட்டு வலித்தது. வலிக்கிறது என்பது தெரிந்தது, யாரோ பக்கத்து சீட்டுக்காரருக்கு வலிக்கிற மாதிரி.

வேலைக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். கண்டபடி பிடுங்கக்கூடாது. முதலில் காய்க்கொத்தைக் கத்தரியால் நறுக்கி மூட்டைக்குள் போட வேண்டும். மூட்டையைத் தரையில் வைக்கக்கூடாது, தார்ப்பாய் விரித்து அதன்மேல்தான். அப்புறம் தண்டின் அடியைப் பிடித்து, ஆட்டி, நேராக மேலே இழுக்க வேண்டும். வேர் அறுந்தால் போச்சு. மண்ணில் நிற்கிற துண்டு திரும்பவும் துளிர்க்கும், ஒன்று இரண்டாகும். பிடுங்கியதைத் தரையில் போட்டாலும் வேர் பிடித்துவிடும், அதனால் பாறைமேல் தலைகீழாகக் காயப்போட வேண்டும். காய் மூட்டைகளை மட்டும் முதுகில் சுமந்து கீழே கொண்டுபோய் எரிப்பார்கள். ஏறும்போது சோற்று மூட்டை, இறங்கும்போது களை மூட்டை. பைத்தியக்காரக் கூட்டம்தான், ஆனால் பைத்தியத்தில் ஒழுங்கு இருந்தது.

வரிசையாக நின்று பிடுங்கினோம். வக்கீலுக்கு வாய் ஓயாது. ஒரு தடித்த செடியோடு மல்லுக்கட்டிக்கொண்டே சொன்னார்: "பாருங்க, வெளியிலேருந்து வந்துச்சு. பாவம்னு எடம் குடுத்தோம். வேர் விட்டுடுச்சு. இப்பக் கெளம்புன்னா கெளம்ப மாட்டேங்குது. அச்சு அசல் எங்க மாமனார்!"

பேக்கரிக்காரர் சிரித்தார். அவர் சம்சாரம் அவரைக் கிள்ளினார். மாப்பிள்ளை முகம் செத்துப்போனது.

"அதுக்கென்ன" என்றேன் நான். "என்னையும் பிடுங்கறதுக்குத்தான் எங்க மாப்ள கூட்டிட்டு வந்திருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. வக்கீல், "அய்யோ பெரியவரே, நான் சும்மா வெளையாட்டுக்கு..." என்று இழுத்தார். நான் அடுத்த செடியைப் பிடித்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய தலையில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. அன்று முழுக்க அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாயங்காலம் டின்னில் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். சூடு இருந்தது.

மறுநாள் இன்னும் மேலே போனோம். மரங்கள் குறைந்து புல்வெளி வந்தது. ஒரு பெரிய பாறை, அதன் கீழே சமதரை. வழக்கமாக டென்ட் போடுகிற இடம் அதுதானாம். முன்னால் போன டீச்சர் சட்டென்று நின்றார்.

"இங்க எப்படி?" என்றார். "இந்த உயரத்துல இது வந்ததே இல்லையே."

பாறையை ஒட்டி மஞ்சத்தலை நின்றது. அங்கே மட்டும்தான். சுற்றிலும் எட்டுகிற தூரம் வரைக்கும் வெறும் புல். காட்டுச் செடி கோணல்மாணலாகப் பரவும். இது அப்படி இல்லை. நீளமாக, கட்டில் அளவுக்கு, நாலு ஓரமும் கத்தியால் வெட்டின மாதிரி நின்றது. பாறைப் பக்கம் நெருக்கமாக, எதிர்ப்பக்கம் ஒன்றும் இரண்டுமாக.

"யாரோ பாத்தி கட்டி வளத்த மாதிரி இருக்கே" என்றார் வக்கீல்.

டீச்சர் பாறையைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். "கடைசியா வந்தோமே, அந்தத் தடவை நல்ல மழை" என்றார் மெதுவாக. "மூட்டை நனைஞ்சா உள்ளேயே முளைச்சுக் கிழிச்சுடும்னு, ஆளுக்கு ஒண்ணா டென்ட்டுக்குள்ள வச்சுக்கச் சொன்னேன். நான்தான் சொன்னேன். டென்ட்டுக்கு அடித்துணி கெடையாது, எப்பவும் கெளம்பறதுக்கு முன்னாடி டென்ட் எடத்தைக் கூட்டி அள்ளிட்டுத்தான் போவோம். அன்னிக்கு ஒரே சேறு. யாரும் கூட்டல."

"யார் டென்ட்டு?" என்றார் வக்கீல்.

டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"பாறை ஓரம் அவதான் போடுவா" என்றார் மாப்பிள்ளை. "காத்து அடிக்காதுன்னு. வீட்டுக்கு வந்து சொன்னா. மூட்டையத் தலைக்கு வச்சுப் படுத்தேன், தலகாணி கெட்டுது போ, அவ்வளவு சுகம்னு சொன்னா."

அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. மூட்டையில் எங்கேயோ ஒரு ஓட்டை இருந்திருக்கிறது. அவள் புரண்டு படுக்கப் படுக்க விதை கொட்டியிருக்கிறது. தலை இருந்த இடத்தில் நிறைய, கால் இருந்த இடத்தில் கொஞ்சம். மலையைச் சுத்தம் செய்ய வந்தவளே மலைக்கு மேலே விதைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வக்கீல் தொப்பியைக் கழற்றினார். பேக்கரி அம்மாள் மூக்கை உறிஞ்சினார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகும், இப்போது ஆகும் என்று நானே நின்று காத்துப் பார்த்தேன். பூ மஞ்சளாக இருந்தது. காற்றில் ஆடியது. ஒரு வண்டு வந்து உட்கார்ந்து எழுந்து போனது.

"நீங்க ரெண்டு பேரும் மேல போய் உக்காருங்க" என்றார் டீச்சர். "இத நாங்க பாத்துக்கறோம்."

"வேண்டாம்மா" என்றேன். "எங்க வீட்டுக் குப்பைய நாங்களே அள்ளிக்கறோம். நீங்க போங்க."

அவர்கள் ஓடைப் பக்கம் போனார்கள். நான் தார்ப்பாயை விரித்தேன். மாப்பிள்ளை மூட்டையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கால்மாட்டிலிருந்து தொடங்கினேன். கத்தரி வைத்துக் கொத்துக் கொத்தாக நறுக்கி மூட்டையில் போட்டேன். காய் ஒன்றோடு ஒன்று உரசி உள்ளே சலசலத்தது. என் கை வேலை செய்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கை.

காயெல்லாம் நறுக்கியான பிறகு செடிகள் மொட்டையாக நின்றன. ஒவ்வொன்றாக ஆட்டி இழுத்தேன். ஈரமண், சுலபமாக வந்தது. மாப்பிள்ளை ஒன்றை இழுத்தார். வேரோடு வந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மாமா."

"சொல்லுங்க."

"ஒண்ணே ஒண்ண விட்டுடலாமா?"

"எதுக்கு?"

"சும்மா."

"இந்தச் சும்மாவ விடுங்க மாப்ள."

"அவ போட்டது மாமா."

"அவ எங்க போட்டா? மூட்டை போட்டுச்சு."

அவர் கையிலிருந்த வேரில் ஒட்டிய மண்ணை உதிர்த்தார். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் போல. "ஒண்ண விட்டா அடுத்த தடவை டீச்சர் வந்து, செடிய விட்டுட்டு நம்ம ரெண்டு பேரையும் பிடுங்கி வெயில்ல தலைகீழாக் காயப்போடுவாங்க" என்றேன். அவர் வாயின் ஒரு ஓரம் மட்டும் சிரித்தது. எழுந்து வந்து அடுத்த செடியைப் பிடித்தார்.

பாதி முடிந்திருந்தது. நான் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "இப்பச் சொல்லுங்க. பேசணும்னு கூட்டிட்டு வந்தீங்களே."

"இப்ப வேண்டாம் மாமா. இந்த எடத்துல வச்சு..."

"இத விட வேற எடம் கெடைக்காது. டேப்பு வச்சு என் ரூம அளந்தீங்க. நான் எப்பக் கெளம்பணும்? அத மட்டும் சொல்லுங்க. வளவளன்னு வேண்டாம்."

"கெளம்பறதா? எங்க மாமா?"

"டிப்போ பக்கத்துல ஒரு ரூம் பாத்து வச்சிருக்கேன். போக்கிடம் இல்லாதவன்னு நெனச்சுடாதீங்க."

மாப்பிள்ளை என்னை வெறித்துப் பார்த்தார். "பாத்தே வச்சுட்டீங்களா?"

"பின்ன? இறங்குன்னு சொல்றதுக்கு முன்னாடி இறங்கிக்கறவன்தான் மரியாதைக்காரன்."

"நான் உங்கள இருக்கச் சொல்லத்தான் மாமா கூட்டிட்டு வந்தேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. "எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. நீங்க கோவிச்சுட்டுக் கெளம்பிடுவீங்களோன்னு பயம். நேத்து அந்த வக்கீல் வேற..."

"கோவிச்சுக்கறதுக்கு என்ன இருக்கு?"

அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் லிப்ட் பார்க்கப் போகிற ஒரு கட்டடம். கீழே மருந்துக் கடை. அங்கே ஒரு பெண் வேலை செய்கிறாள். புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற வயசில் ஒரு பெண் குழந்தை. கொஞ்ச நாளாகப் பேசிக்கொள்கிறார்கள். கல்யாணம் என்று வந்து நிற்கிறது.

"அவகிட்ட மொதல்லயே சொல்லிட்டேன் மாமா. வீட்டுல மாமா இருப்பாருன்னு."

"அதுக்கு என்ன சொன்னா?"

"எந்த மாமான்னு கேட்டா. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சரின்னா."

"கொஞ்ச நேரம்னா எவ்வளவு நேரம்?"

அவர் யோசித்தார். "லிப்ட் கீழ போய்ட்டு மேல வர்ற நேரம்."

"அப்ப டேப்பு எதுக்கு?"

அதற்குத்தான் அவர் அதிகமாகச் சங்கடப்பட்டார். "கொழந்தைக்கு ஒரு ரூம் வேணும் மாமா. உங்க ரூம்ல ஜன்னல் இருக்கு, வெளிச்சம் இருக்கு. அதுக்குப் படிக்க மேஜை, கட்டில் எல்லாம் போடணும். உங்கள முன் ரூமுக்கு மாத்தலாமான்னு..."

"முன் ரூம் சின்னது."

"ஆமா மாமா."

"தெருச் சத்தம் கேக்கும்."

"ஆமா."

இவர் பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் கொஞ்சம் நம்பினேன். பொய் சொல்கிறவன் பெரிய அறையைத் தருகிறேன் என்பான்.

அது கோபம் வரவேண்டிய இடம். அவள் படுத்திருந்த இடத்தில் நின்றுகொண்டு இன்னொருத்தியைப் பற்றிச் சொல்கிறார். அறையும் போகிறது. வேறு எந்த அப்பனாக இருந்தாலும் கத்தரியைத் தூக்கி எறிந்திருப்பான். வந்திருந்தால் எனக்கும் நன்றாகத்தான் இருந்திருக்கும். கதவைத் தட்டிப் பார்த்த மாதிரி உள்ளே தட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. குனிந்து அடுத்த செடியைப் பிடித்தேன்.

"என்ன மாமா சொல்றீங்க?"

"வேலைய முடிப்போம்."

முடித்தோம். பாறையடியில் கடைசியாக ஒன்று மிச்சம். எல்லாவற்றிலும் தடித்தது. ஆட்டினேன், அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துச் சாய்ந்து இழுத்தேன். படக்கென்று அறுந்தது. நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். கையில் தண்டு மட்டும்.

"போச்சு" என்றேன்.

வேர் பாறைக்கு அடியில் போயிருந்தது. மாப்பிள்ளை சின்னக் கடப்பாரையால் மண்ணைக் கிளறினார். பாறை அதற்கு மேல் விடவில்லை. கடப்பாரையைப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டார். தோள்வரைக்கும் போனது. கன்னம் மண்ணில் அழுந்தியிருந்தது. லிப்ட் குழிக்குள்ளும் இப்படித்தான் கையை விடுவார் போல.

"அம்புடுதா?"

"இருக்கு. வழுக்குது."

அப்படியே கிடந்து துழாவினார். பிறகு, என் பக்கம் திரும்பாமல், மண்ணைப் பார்த்தே பேசினார். "நீங்க போய்ட்டீங்கன்னா, அந்த வீட்டுல அவளத் தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான் மாமா. நான் ஒருத்தன் மட்டும் தெரிஞ்சு வச்சுட்டு என்ன பண்றது? அவ எப்படிச் சிரிப்பான்னு சொன்னா, ஆமான்னு சொல்ல ஆள் வேணாமா?"

அவர் முதுகு ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகிறாரா, வேரை இழுக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். நான் செய்யாததை அவராவது செய்யட்டும் என்று தோன்றியது. அவர் கையை வெளியே எடுத்தபோது விரலளவுக்கு வெள்ளையாக ஒரு வேர் இருந்தது. விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம்.

வேரை வாங்கி மூட்டையில் போட்டேன். மற்ற செடிகளைப் பாறைமேல் தலைகீழாக வைத்தோம். அந்த இடம் கறுப்பாக, கிளறின மண்ணாக, நீளமாகக் கிடந்தது. நான் காலால் அதைத் தட்டிச் சமன் செய்தேன். அவரும் தட்டினார். அவர் ஒரு ஓரத்திலிருந்தும் நான் ஒரு ஓரத்திலிருந்தும் தட்டிக்கொண்டே வந்தோம். நடுவில் வந்ததும் நின்றோம்.

"இருக்கேன்" என்றேன்.

"மாமா?"

"முன் ரூம்லயே இருந்துக்கறேன். சத்தம் எனக்குப் பழக்கம்தான். ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க மாமா."

"அந்தப் பொண்ணு என்னை அப்பான்னு கூப்பிட வேண்டாம்."

அவர் தயங்கினார். "அப்படிக் கூப்பிடறதாத்தான் மாமா சொல்லிட்டிருந்தா. அதுதான் மரியாதைன்னு."

"மரியாதைய வேற வழியில காட்டட்டும்."

"பின்ன எப்படிக் கூப்பிடறது?"

"பெரியவரேன்னு கூப்பிடட்டும். இல்லன்னா இங்க பாருங்கன்னு சொல்லட்டும். வீடு சின்னதுதானே, காது கேக்கும்."

அவர் தலையாட்டினார். விரலில் இருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். "கொழந்தை?" என்றார்.

அதை நான் யோசித்து வைக்கவில்லை. யோசித்தேன்.

"அது தாத்தான்னு கூப்பிட்டுக்கட்டும். அந்த வார்த்தைய நம்ம வீட்டுல யாரும் சொன்னதில்ல. சும்மாதான் கெடக்கு."

"சரி மாமா" என்றார் மாப்பிள்ளை. அவளிடம் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். சரி என்று சொல்கிறவர்கள் எல்லாரும் செய்கிறவர்கள் இல்லை. பார்க்கலாம்.